பூஜ்யத்தையும் எழுதி வையுங்கள்

பொங்கலுக்குப் பனியன் கம்பெனிகள் ஓய்ந்ததும் அவிநாசிப் பக்கத்துக் குளக்கரைக்கு நோட்டோடு போய்விடுவேன். 2015 முதல் தமிழ்நாடெங்கும் நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்காக. குறைந்தது 15 நிமிடம் நின்று, எந்தப் பறவை எத்தனை என்று குறிக்க வேண்டும். நாமக்கோழிக் கூட்டத்தைத் தலை தலையாக எண்ண முடியாது. பத்தை எண்ணி, அது அடைக்கும் இடத்தைக் கண்ணில் வாங்கி, அதே அளவைக் கூட்டத்தின்மேல் நகர்த்திக்கொண்டே போவேன். முக்குளிப்பான்தான் படுத்தி எடுக்கும். எண்ணும்போதே முங்கி வேறெங்கோ எழும்.

ஒரு வருசத்துக் கணக்கை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஒரே முறையில் வருசா வருசம் எண்ணினால்தான் அது பேசும். புலிக் கணக்கையே பாருங்கள். ராஜஸ்தானின் சரிஸ்கா புலிகள் காப்பகத்தில் 2004 வரை காலடித் தடம் பார்த்துப் புலிக் கணக்கு எழுதினார்கள். மறு வருசம் தேடினால் ஒரு புலிகூட இல்லை. காலடித் தட முறையில் நாடு முழுக்க 3,642 என்றிருந்த எண்ணிக்கை, கேமராவுக்கு மாறிய 2006-இல் 1,411 ஆனது. இரண்டையும் ஒப்பிடவே கூடாது, அளவுகோலே வேறு. அதன்பின் நாலு வருசத்துக்கு ஒருமுறை எடுத்ததில் தமிழ்நாட்டுப் புலிகளின் எண்ணிக்கை 2006-இன் 76-லிருந்து 2022-இல் 306-க்கு வந்தது. இந்த உயர்வில்கூட, கூடுதல் காடுகளில் தேடியதன் பங்கு எவ்வளவு என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஊர்க் குளங்களுக்கு வருகிறேன். 2024 ஆகஸ்டில் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் தொடங்கி, பவானி உபரிநீர் 1,045 குளம் குட்டைகளை நோக்கி வந்தது. அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கேட்டு வாங்கிய தண்ணீர். அதைத் தேடி எந்தப் பறவை வந்தது, வறண்ட தரையில் வாழ்ந்த எது விலகிப் போனது? தண்ணீர் வருமுன் எடுத்த கணக்கு இருந்தால்தான் பதில் கிடைக்கும். நஞ்சராயன் குளத்தில் பறவை ஆர்வலர்கள் வருசக்கணக்கில் பதிந்து வந்தார்கள். அது 2022-இல் பறவைகள் சரணாலயம் ஆனது, 2024-இல் சர்வதேச ஈரநிலங்களுக்கான ராம்சார் தகுதியும் பெற்றது. மற்றக் குளங்களில் பலவற்றுக்கு அப்படியொரு நோட்டு இல்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

என் நோட்டில் வறண்ட வருசங்களும் உண்டு. சீமைக்கருவேல் மண்டிய குளத்தில் கால் மணி நேரம் நின்று, 'நீர்ப்பறவை: 0' என்று எழுதிவிட்டுத் திரும்பியிருக்கிறேன். அன்று வீண் அலைச்சல் என்று தோன்றியது. இப்போது மதகோரம் தண்ணீர் தொடும் அதே குளத்துக்கு, இந்தத் தையிலும் அதே நேரத்துக்குப் போவேன். முதலில் புரட்டுவது அந்தப் பூஜ்யம் எழுதிய பக்கத்தைத்தான்.