மலைப்பாதையும் பழைய மோட்டார் காரும்

ஐம்பது அறுபது வயதான மொறிஸ் மைனர் கார் ஒன்று, பிள்ளைகளையும் பாட்டியையும் ஏற்றிக்கொண்டு, கண்டி நகரத்து மேடுகளில் முனகியவாறு ஏறிச்செல்வது இன்றும் காணக்கூடிய காட்சியே. வெளியூரிலிருந்து வருவோர் அதனைக் கண்டு வியப்பர்; சிலர் படமும் பிடித்துக்கொள்வர். காரின் சொந்தக்காரரோ பிறர் வியப்பதற்காக அதனை வைத்திருப்பவரல்லர். புதியது வாங்க வசதி போதாமையாலும், பழையதைத் தம் கையாலேயே ஓரளவு சீர்செய்துகொள்ளலாம் என்ற துணிவாலுமே வைத்திருக்கிறார். இந்தத் துணிவு நல்லதுதான். எனினும், எதுவரை வீட்டிலே கைவைக்கலாம், எந்த இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும் என்பது சமவெளியில் வாழ்வோரைக் காட்டிலும் மலைநாட்டாருக்கு உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயமாகும். அதனைப் பற்றியே இங்கு சிறிது பேச விரும்புகிறோம்.

பழைய கார்கள் இத்தனை காலம் நம்மிடையே தங்கியதற்குக் காரணம் தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை, உள்ளதை ஓட்டுவதன்றி வேறு வழியில்லை. பிறகு யப்பானிய வண்டிகள் வந்து குவிந்தன. 2020 மார்ச்சில் மீண்டும் இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில், மூலையிலே துருப்பிடித்துக் கிடந்த எத்தனையோ வண்டிகளுக்கு மறுவாழ்வு கிடைத்தது.

மொறிஸ் மைனர் 1948 இல் லண்டன் மோட்டார் காட்சியிலே அறிமுகமாயிற்று. அதனை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1959 இல் வெளிவந்த மினி காரும் இவருடைய கைவண்ணமே. 1971 வரை ஏறத்தாழப் பதினாறு இலட்சம் மைனர் கார்கள் செய்யப்பட்டன. அதன் முன்மூடியைத் திறந்தால் எஞ்சினைச் சுற்றி நிலம் தெரியுமளவு இடம் உண்டு. கைக்கு எட்டாத உறுப்பு அரிது. இக்காலத்துக் கார்களின் மூடியைத் திறப்பவர் பிளாத்திக்கு உறையொன்றைப் பார்த்துவிட்டு மீண்டும் மூடிவிடுகிறார். இன்னுமொரு சுவையான செய்தி: இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர் கார்களைப் புதுப்பிக்கும் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயார் என்பவர், 1990களில் இலங்கையின் தென்பகுதியிலே இந்தக் காருக்கான உதிரிப்பாகங்களைச் செய்வித்து இங்கிலாந்துக்கு வரவழைத்தார். தாய்நாடு கைவிட்ட காருக்கு உதிரிப்பாகம் இங்கிருந்து கப்பலேறியது நம்மவரின் கைத்திறனுக்கு ஒரு சான்று.

இனி மலைக்கு வருவோம். கொழும்பிலிருந்து கண்டிக்கு வரும் வீதி, ஆளுநர் எட்வர்ட் பாண்ஸ் காலத்தில், 1820களிலே அமைக்கப்பட்டது. அதனை அமைத்த பொறியியலாளர் தோசனின் நினைவுக் கோபுரம் கடுகண்ணாவையில் நிற்கிறது. மாட்டு வண்டிக்கும் குதிரை வண்டிக்குமாக வகுத்த ஏற்றம் அது. பழைய கார் முதன்முதலில் பெருமூச்சு விடுவதும், றேடியேற்றர் கேத்தலைப் போல் ஆவி கக்குவதும் அந்த ஏற்றத்திலேதான்.

இங்கே மாணவர்கள் தங்கள் பௌதிகப் பாடத்தை நினைவுகூரலாம். உயரம் ஏற ஏற நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். கடல்மட்டத்தில் 100 பாகை சதமளவையில் கொதிக்கும் நீர், ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டியில் 98 பாகையளவில் கொதிக்கிறது. 1868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் 94 பாகையே போதும். இதனை ஈடுசெய்யவே றேடியேற்றர் மூடியில் ஒரு வில்லும் றப்பர் வளையமும் வைத்திருக்கிறார்கள். மைனர் 1000 காரின் மூடி சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் அமுக்கத்தைத் தாங்கி நிற்கும்; அதனால் கொதிநிலை பத்துப் பாகைக்கு மேல் உயர்கிறது. அந்த வளையம் வெடித்துப்போனால், எஞ்சினில் ஒரு குறையும் இல்லாமலே கார் கொதிக்கும். மூடியை மாற்றினால் தீரும் நோய்க்கு எஞ்சினையே கழற்றியவர்கள் உண்டு. ஆகவே சோதனையை மலிவானதிலிருந்து தொடங்க வேண்டும்: நீரின் அளவு, மூடி, விசிறியைச் சுழற்றும் பட்டியின் இறுக்கம், றேடியேற்றர் இடுக்குகளில் அடைந்த பூச்சியும் சேறும் என்ற வரிசையிலே பார்த்துக்கொண்டு போகலாம். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. அரைமணி நேரம் பொறுக்க மாட்டாதவர்கள் முகத்தையும் கையையும் வேகவைத்துக்கொள்வர்.

அடுத்தது, நீரோட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்ரற். இது வெப்ப நாடு, நமக்கு ஏன் இது என்று அதனைக் கழற்றி எறிந்துவிடுவது இங்கு பலருடைய வழக்கம். இதனை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. குளிர்ந்தபடியே ஓடும் எஞ்சின் பெற்றோலை வீணாக்கும். உள்ளே தேய்மானமும் மிகும். அது பழுதா என்று அறிய அடுப்பங்கரையே போதும். இல்லத்தரசிகள் பொறுத்தருளி, கழித்துவிட்ட பாத்திரமொன்றைத் தருவார்களாக. நீரில் அதனை நூலால் தொங்கவிட்டுச் சூடாக்கினால், அதன்மேல் பொறித்துள்ள வெப்பநிலையை ஒட்டி வாய் திறக்க வேண்டும். கொதித்த பின்னும் திறவாவிடில் அது குப்பைக்குரியது.

காலையில் கார் உயிர்பெறாவிட்டால் என்ன செய்வது? பெரும்பாலோர் பற்றறி தீரும்வரை சுழற்றிப் பார்க்கின்றனர். அதற்கு முன் காதைத் தீட்டிக்கொள்வது நல்லது. மைனர் காரின் பெற்றோல் பம்பி மின்சாரத்தில் இயங்குவது. சாவியைத் திருப்பியதும் டிக், டிக் என்று விரைந்து ஒலித்து, காபரேற்றர் நிரம்பியதும் அடங்க வேண்டும். அடங்காமலே ஒலித்துக்கொண்டிருந்தால் தாங்கியில் பெற்றோல் இல்லை, அல்லது குழாயில் எங்கோ காற்றுப் புகுகிறது. ஒலியே எழாவிட்டால் பம்பியினுள் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். திருப்புளியின் பிடியால் மெல்லத் தட்டினால் பல சமயம் விழித்துக்கொள்ளும். வீட்டுப் பிள்ளைகள் இந்த ஒலியை ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டு, பெரியவர்களுக்கு முன்பே நோயைச் சொல்லிவிடுவார்கள்.

பெற்றோல் வருகிறதென்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது தீப்பொறி. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பிற்பகல் மழை பெய்து ஓய்ந்த பின், கண்டிக் காற்றிலே ஈரம் ஊறி நிற்கும். டிஸ்ரிபியூற்றர் மூடிக்குள் அந்த ஈரம் படிந்தால் மின்சாரம் வழிதவறிப் போகும். மூடியைக் கழற்றி, உள்ளும் புறமும் உலர்ந்த துணியால் துடைத்தாலே பாதிக் கார்கள் புறப்பட்டுவிடும். மூடிக்கடியில் உள்ள பொயின்ற் என்னும் தொடுமுனைகளின் இடைவெளி அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்காகவும், பிளக்கின் இடைவெளி ஆயிரத்தில் 25 பங்காகவும் இருத்தல் வேண்டும். அளவுத் தகடு ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் ஆயுள் முழுவதும் போதும். கழற்றிய பிளக்கின் நுனியைப் பார்த்தே எஞ்சினின் நலத்தை அறியலாம்: இளம்பழுப்பு நிறம் சுகம், உலர்ந்த கரி படிந்தால் பெற்றோல் மிகுதி, எண்ணெய் பிசுபிசுத்தால் உள்ளே தேய்மானம். நுவரெலியாவுக்கு அடிக்கடி போய்வருவோரின் பிளக்குகளில் கரி படிவது இயல்பு. அங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஆறிலொரு பங்கு குறைந்துவிடுவதால், கீழே அளவாயிருந்த பெற்றோல் மேலே மிஞ்சிப்போகிறது.

இரண்டு எச்சரிக்கைகள். மைனர் உள்ளிட்ட அக்காலத்துப் பிரித்தானியக் கார்களில், பற்றறியின் நேர்முனையே காரின் உடம்போடு இணைக்கப்பட்டிருக்கும். இன்றைய வழக்கம் இதற்கு நேர்மாறு. இதனை அறியாமல் புதுவகை வானொலிப் பெட்டியைப் பொருத்தினால் ஒரு நொடியில் அது கருகும். மற்றது, 2002 இல் ஈயம் கலந்த பெற்றோல் நம் நாட்டில் நிறுத்தப்பட்டது. உடல்நலத்துக்கு அது மிக நல்ல காரியம். ஆயினும் பழைய எஞ்சின்களின் வால்வு இருக்கைகளுக்கு ஈயமே காப்பாக இருந்துவந்தது. இப்போது இருக்கை மெல்லத் தேய்ந்து வால்வின் இடைவெளி சுருங்குவதுண்டு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அது ஆயிரத்தில் 12 பங்கு உள்ளதா என அவ்வப்போது பார்த்துக்கொள்வது நன்று.

லொறிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. தோட்டங்களில் கொழுந்தும் விறகும் சுமந்த பெட்போர்ட் லொறிகளின் காலம் போய், இன்று கண்டிச் சந்தைக்கு மரக்கறி ஏற்றி வருபவை பெரும்பாலும் டீசல் வண்டிகள். 2022 இல் எரிபொருளுக்காக இரவும் பகலும் வரிசையில் நின்றதை எவரும் மறந்திரார். அப்போது தாங்கியின் அடிவரை வற்ற ஓட்டிய வண்டிகள் இரண்டு துன்பங்களுக்கு ஆளாயின. அடியில் தங்கிய வண்டல் வடியை அடைத்தது. குழாயிலே காற்றுப் புகுந்தது. காற்றுப் புகுந்த டீசல் எஞ்சின், தாங்கியை நிரப்பினாலும் இயங்காது. வடியின் மேலுள்ள திருகாணியைச் சற்றுத் தளர்த்தி, கைப்பம்பியை அழுத்தி, நுரையில்லாமல் டீசல் வழியும் வரை காற்றை வெளியேற்றிப் பின் இறுக்க வேண்டும். இதனை ஓட்டுநர் தாமே செய்யலாம்.

வீட்டு முற்றத்தில் வேலை செய்வோர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கண்டியிலே சமதரை கிடைப்பது அரிது. முற்றங்கள் யாவும் சரிவு. ஜக்கின் மேல் மட்டும் நிற்கும் காருக்கு அடியில் ஒருபோதும் புகலாகாது. எதிர்ப்புறச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, காரின் பாரத்தை உறுதியான தாங்கிகளின் மேல் இறக்கிய பிறகே குனிய வேண்டும். செங்கல் அடுக்கு தாங்கியாகாது. அது சொல்லாமலே நொறுங்கும்.

முன்சக்கரங்களைத் தாங்கும் திருகு மூட்டுகளுக்கு ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிறீஸ் ஏற்றுவது மைனர் காருக்கு இன்றியமையாதது. பட்டினி கிடந்த மூட்டு ஒருநாள் கழன்று, சக்கரம் பக்கவாட்டில் மடங்கிவிடும். கிறீஸ் ஏற்றுவது வீட்டு வேலை. மூட்டு தேய்ந்துவிட்டால் அதனை மாற்றுவது பாஸின் வேலை. நம் நாட்டிலே மெக்கானிக்கைப் பாஸ் என்று அழைக்கிறோமல்லவா? எசமானைக் குறிக்கும் ஒல்லாந்தச் சொல் அது. ஒல்லாந்தர் போய் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் பட்டம் பொருத்தமானவரிடமே தங்கியிருக்கிறது.

பிரேக்கைப் பொறுத்தவரை அந்தப் பட்டத்தை நாம் முழு மனத்தோடு மதிக்க வேண்டும். அக்காலத்துக் கார்களில் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் எண்ணெய் செல்வது ஒரே வழியாலேதான். ஒரு சக்கரத்தில் றப்பர் கிழிந்து எண்ணெய் ஒழுகினாலும், மிதி தரையைத் தொடும். நான்கும் ஒருங்கே போய்விடும். வீட்டுக்காரர் செய்யத்தக்கது பார்ப்பதும் நிரப்புவதுமே. மைனர் காரில் அந்த எண்ணெய்க் கலம் ஓட்டுநரின் காலடியில், தரைவிரிப்புக்கும் கீழே ஒளிந்திருப்பதால், அப்படியொன்று இருப்பதையே அறியாமல் ஆண்டுக்கணக்கில் ஓட்டுபவர்களும் உண்டு. மாதம் ஒருமுறை அதனைத் திறந்து பார்க்க வேண்டும். எஞ்சின் எண்ணெயை அவசரத்துக்குக்கூட அதில் ஊற்றலாகாது. உள்ளிருக்கும் றப்பர் ஊதிப்போய் முழு அமைப்பும் கெடும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. டொட் 3 வகை எண்ணெய் புதிதாயிருக்கையில் 205 பாகை வரை கொதியாது. ஈரமேறியபின் 140 பாகையிலேயே கொதிக்கலாம். கொதித்த எண்ணெயில் ஆவிக்குமிழ் உண்டாகும். அதன்பின் மிதியை எவ்வளவு அழுத்தினாலும் பஞ்சை மிதிப்பது போலிருக்கும். இரண்டாண்டுக்கு ஒருமுறை அதனை மாற்றுவித்தல் வேண்டும். மிதி மெத்தென்றிருந்தாலும், அழுத்திய கால் மெல்ல மெல்லக் கீழிறங்கினாலும், கார் ஒரு பக்கம் இழுத்தாலும், அன்றே பாஸிடம் கொண்டுபோக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருந்து நாமே கழற்றிப் பார்ப்போம் என்ற எண்ணம் இந்த ஒரு விஷயத்தில் வேண்டாம்.

கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்வோர் உடுதும்பறையைக் கடந்ததும் பதினெட்டு வளைவு என்று பெயர்பெற்ற இறக்கத்தை எதிர்கொள்வர். வீதியைத் திருத்தியபோது ஒரு வளைவு குறைந்ததென்பர்; பெயர் குறையவில்லை. அங்கே பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் சக்கரத் தொட்டிகள் சூடேறி விரிந்து, பிடிமானம் தளரும். எந்தக் கியரில் அந்த மலையை ஏறுவோமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும். பிரேக்கை விட்டுவிட்டுச் சிறிது நேரமே தொட வேண்டும். பெற்றோல் மிச்சம் பிடிக்க எஞ்சினை நிறுத்திவிட்டு உருண்டு இறங்குவது பித்துக்குளித்தனம். மிதி கைவிட்டாலும் கைப்பிரேக் கம்பியால் இயங்குவதாகையால் பின்சக்கரங்களை அது தனியே பிடிக்கும். ஆகவே அதன் இறுக்கத்தையும் புறப்படுமுன் சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஹசலக்கவை அடைந்ததும் நிழலில் நிறுத்தி, பிள்ளைகளுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு, காரை ஒருமுறை சுற்றி வாருங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும், தொடாமல், உள்ளங்கையைக் காட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் மிகுதியாகச் சுட்டால் அங்கே பிரேக் விடாமல் உரசுகிறது. ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் வேலையே செய்யவில்லை. மற்ற மூன்றும் அதன் பங்கையும் சேர்த்துச் சுமந்து உங்களைக் கீழே கொண்டுவந்து சேர்த்திருக்கின்றன. அப்படியானால் மறுபடி மலையேறுமுன் அந்த ஊரிலேயே ஒரு பாஸைத் தேடிக்கொள்ளுங்கள்.