நிலைக்குள் தொங்கும் இரும்பு

லண்டனில் பழைய வீட்டுக்குக் குடிபோகிறவர்களை முதலில் திகைக்க வைப்பது ஜன்னல்தான். அது கீலில் திரும்பாது. இரண்டு கண்ணாடிச் சட்டங்கள் ஒன்றன் முன் ஒன்றாக மேலும் கீழும் நகரும். பழுதில்லாத ஜன்னலில் கீழ்ச்சட்டத்தை இரண்டு விரலால் தூக்கிவிடலாம்; விட்ட இடத்தில் அப்படியே நிற்கும். கனமான மரமும் கண்ணாடியும் எந்தப் பிடிமானமும் இல்லாமல் எப்படி நிற்கின்றன?

விடை நிலைக்குள் ஒளிந்திருக்கிறது. நிலையின் இருபுறமும் உள்ளே வெற்றிடமுள்ள மரப்பெட்டிகள். அவற்றில் கயிற்றில் தொங்கும் இரும்பு உருளைகள். கயிறு நிலையின் மேற்பகுதியில் பதித்த சிறு கப்பியின் மேல் வளைந்து வந்து, சட்டத்தின் பக்கவாட்டில் ஆணியால் அறையப்பட்டிருக்கும். சட்டம் ஏறினால் இரும்பு இறங்கும். எடை இருபுறமும் ஏறத்தாழச் சமம் என்பதால் நம் கை வெல்ல வேண்டியது உராய்வை மட்டுமே. கையை எடுத்ததும் சட்டத்தைப் பிடித்து நிறுத்துவதும் அதே உராய்வுதான்.

அந்த ‘ஏறத்தாழ’வில்தான் தச்சரின் கெட்டிக்காரத்தனம். மேல்சட்டத்துக்கான இரும்புகள் சட்டத்தைவிடச் சற்றே கனமாக இருக்கும். கீழ்ச்சட்டத்துக்கானவை சற்றே இலேசாக இருக்கும். அதனால் மேலது மேலே ஒட்டிக்கொள்ளும், கீழது கீழே அழுந்தும். கொக்கியே போடாவிட்டாலும் மூடிய ஜன்னல் மூடியே கிடக்கும்.

17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் மாளிகைகளில் பரவிய ஏற்பாடு இது. தீ பரவும் அச்சத்தால், ஜன்னல் மரத்தைச் சுவரின் முகப்பிலிருந்து 4 அங்குலம் உள்ளே தள்ள வேண்டும் என்றது 1709இன் லண்டன் கட்டடச் சட்டம். பெட்டிகளையே செங்கல்லுக்குப் பின்னால் மறைக்கச் சொன்னது 1774இன் சட்டம். தெருவிலிருந்து பார்த்தால் மெல்லிய மரச்சட்டம் மட்டும் தெரிவது அதனால்தான்.

பழுது பெரும்பாலும் கயிற்றில் தொடங்கும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சிறிய கப்பியின் மேல் கயிற்றின் அதே பகுதிதான் வளைந்து நிமிர்கிறது; உள்ளே நூல்கள் ஒன்றோடொன்று தேய்கின்றன. ஆனால் உண்மையான எதிரி பெயிண்ட் என்பேன். கயிற்றின் மேலும் சேர்த்து அடித்துவிடுகிறார்கள். கயிறு விறைத்து, வளையும் இடத்தில் வெடிக்கிறது. கப்பியின் அச்சில் பெயிண்ட் புகுந்தால் சக்கரம் சுழலாது. நின்றுபோன சக்கரத்தின் மேல் கயிறு உரசியே அறுபடும். ‘கப்பி தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும்’ என்று சொல்லப்படும் கப்பிகளில் பலவற்றுக்குச் சுரண்டிச் சுத்தம் செய்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டாலே போதும். ஓர் எச்சரிக்கை: பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். உப்புத்தாளை உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது.

கயிறு மாற்றுவது வீட்டிலேயே முடியும் வேலை. சட்டத்தைத் தாங்கிப் பிடிக்க இன்னொருவர் வேண்டும். உட்புறப் பீடிங்கைப் பெயர்த்தால் கீழ்ச்சட்டம் வெளியே வரும். இரு சட்டங்களுக்கும் நடுவே உள்ள மெல்லிய பட்டியை எடுத்தால் மேல்சட்டமும் வரும். அந்தப் பட்டி பெரும்பாலும் உடையும்; கவலை வேண்டாம், விலை குறைவு. நிலையின் கீழ்ப்பகுதியில் ஒரு சிறு மரமூடி இருக்கும், இரும்பை வெளியே எடுக்கும் வழி அதுதான். என்றாவது கயிறு அறும் என்று தெரிந்தே அதை வைத்திருக்கிறார்கள். புதுக்கயிற்றை உள்ளே இறக்க, நூலில் சிறு ஈயத் துண்டைக் கட்டிக் கப்பி வழியே போடுவார்கள். ஆங்கிலத் தச்சர்கள் அதைச் செல்லமாக ‘எலி’ என்கிறார்கள்.

தவறுவது கயிற்றின் நீளத்தில். சட்டம் உச்சியில் இருக்கும்போது இரும்பு பெட்டியின் அடியைத் தொடக் கூடாது. அடியில் இருக்கும்போது கப்பியை முட்டக் கூடாது. புதிய பருத்திக் கயிறு எடை ஏறியதும் நீளும். இரும்பைச் சற்று நேரம் தொங்கவிட்ட பிறகே அளந்து வெட்ட வேண்டும்.

இரட்டைக் கண்ணாடி போட்டவர்களுக்கு வேறு தலைவலி. 1 மி.மீ. தடிமனுள்ள கண்ணாடி, சதுர மீட்டருக்கு 2.5 கிலோ. அரைச் சதுர மீட்டர் சட்டத்தில் 3 மி.மீ. ஒற்றைக் கண்ணாடி 4 கிலோவுக்கும் குறைவு, 4 மி.மீ. கண்ணாடிகள் இரண்டானால் 10 கிலோ. பழைய இரும்பு ஈடுகொடுக்காது, சட்டம் நழுவி விழும். பெட்டியிலோ பருத்த இரும்புக்கு இடமில்லை. அங்கே ஈயம் கைகொடுக்கிறது: அதே கன அளவில் வார்ப்பிரும்பைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல் எடை. கண்ணாடியை மாற்றினால் சட்டத்தைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டே எடைகளை வாங்க வேண்டும்.

பல வீடுகளில் மேல்சட்டம் பெயிண்டில் ஒட்டி அசையாமல் கிடக்கும்; கீழது திறந்தால் போதும் என்று விட்டுவிடுவார்கள். மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் திறந்தால் அறையின் சூடான காற்று மேல்வழியே வெளியேற, குளிர்ந்த காற்று கீழ்வழியே நுழையும். 2022 ஜூலை 19 அன்று லண்டனில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. பெரும்பாலான வீடுகளில் ஏசி கிடையாது. பகல் வெயிலில் இந்த ஜன்னல் உதவாது, வெளியே குளிர்ந்த இரவில் உதவும். அதனால் கயிறு வாங்கும்போது மேல்சட்டத்துக்கும் சேர்த்தே, சட்டத்துக்கு இரண்டாக நான்கு வாங்குங்கள்.