வைரசின் அளவும் சாட்சியின் அவசரமும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பகுதிச் சபைகளில் பணியாற்றும் ஆயரிடம் ஓர் இளந்தொழிலாளி வந்து, "ஐயா, என் இரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி தென்படவில்லை என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. சபையில் சாட்சி சொல்லலாமா, மாத்திரையை நிறுத்தலாமா?" என்று கேட்டால் நாம் என்ன விடை கூறுவோம்? நல்லெண்ணத்தோடு கூறும் தவறான விடை இங்கே ஓர் உயிரையே வாங்கிவிடலாம்.

1986இல் மருத்துவர் சுனிதி சாலமனும் அவர்தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவும் சென்னையில் திரட்டிய இரத்த மாதிரிகள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டபோதுதான், இந்தியாவில் இத்தொற்று முதன்முதலாக வெளிப்பட்டது. அச்சோதனை கிருமியைக் காணவில்லை. அதற்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளையே கண்டது. தொற்று உண்டா, இல்லையா என்பதே அதன் விடை.

'வைரல் லோட்' எனப்படும் சோதனையோ கிருமியையே எண்ணுகிறது. இரத்தத்தின் தெளிநீராகிய பிளாஸ்மாவைப் பிரித்து, அதிலுள்ள வைரசின் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி, அதைச் சுற்றுக்குச் சுற்று ஏறக்குறைய இரட்டிப்பாக்குகின்றனர். எத்தனையாவது சுற்றில் அது கருவிக்குத் தென்படுகிறதோ, அதைக் கொண்டு தொடக்க அளவு கணிக்கப்படுகிறது. ஒரு மில்லிலிட்டரில் 1000 படிகளுக்குக் குறைந்தால் கிருமி அடங்கியுள்ளது என்பர். 2018 முதல் அரசு மையங்களில் இது வழக்கமான சோதனையாகியுள்ளது.

'தென்படவில்லை' என்பது 'இல்லை' என்பதன்று. கருவி காணக்கூடிய எல்லைக்குக் கீழே எண்ணிக்கை இறங்கியிருக்கிறது, அவ்வளவே. நோய் எதிர்ப்பு அணுக்கள் சிலவற்றுள் கிருமி உறங்கிக் கிடக்கிறது. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலோரிடம் சில வாரங்களிலேயே அது மீண்டும் பெருகுகிறது. எனினும் இந்நிலை சிறிய நன்மையன்று: இது நீடிக்கும்வரை பாலுறவின் வழியாகத் துணைவருக்குத் தொற்றுவதில்லை. திருமண ஆலோசனை கூறும் நாம் இதையும் அறிந்திருத்தல் வேண்டும்.

அளவு உயர்ந்திருந்தால் உடனே ஒழுக்கத்தை ஐயுறுவது நம்மவர் சிலரின் வழக்கம். வாரந்தோறும் மாறும் இரவுப் பணி, பலர் தங்கும் அறையில் மாத்திரையை ஒளித்து வைக்கும் அச்சம், ஊருக்குப் போய்வரும் நீண்ட இரயில் பயணம்: இவற்றாலும் வேளைகள் தவறும். மருத்துவரும் 1000க்கு மேற்பட்டால் முதலில் மருந்தை ஒழுங்காக உட்கொள்ள ஆலோசனை தந்து, சில மாதங்களுக்குப்பின் மறுபடி சோதித்து, அப்போதும் குறையாவிடில்தான் மருந்தை மாற்ற எண்ணுகிறார்.

நம்பி நம்மிடம் கூறியதை அவர் ஒப்புதலின்றி வெளியிடுவதை 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் தடைசெய்கிறது. வேலைக்கு முன்நிபந்தனையாக இச்சோதனையைக் கேட்பதையும் அது விலக்குகிறது. ஆகவே மேற்கூறிய இளைஞர் சாட்சி சொல்ல விரும்பினால், அதைக் கேட்கப்போகிறவர்களுள் அவருடைய அறைத்தோழரும் மேற்பார்வையாளரும் இருப்பார்களா என்று முதலில் அவரிடம் தனியே கேட்போம். மாத்திரையைப் பற்றிய கேள்விக்கு, நிறுத்த வேண்டாம் என்பதே நம் விடை.