வினாவும் உதவியும்: சர்ச்சில் – ஸ்டாலின் மடல்கள், ஜனவரி 1945

போர்க்கால அரசியல் மடல்களில் கேட்கப்பட்டது ஒன்றாகவும் விடையாகக் கிடைத்தது வேறாகவும் அமைவதுண்டு. 1945 ஜனவரி 6 அன்று சர்ச்சில் ஸ்டாலினுக்கு விடுத்த மடல் இதற்குச் சான்றாகும். மேற்குப் போர்முனையில் சண்டை கடுமையாக இருப்பதைக் குறிப்பிட்டு, அம்மாதத்தில் விஸ்துலா ஆற்றுமுனையிலோ பிறவிடத்திலோ சோவியத்துப் பெருந்தாக்குதலை எதிர்பார்க்கலாமா என்று மட்டுமே அவர் வினவினார். தாக்குதலை முற்படுத்துமாறு கோரும் தொடர் எதுவும் அதில் இல்லை. இதே செய்தியை நேரில் அறிய மாஸ்கோவுக்குப் புறப்பட்ட ஐசன்ஹோவரின் துணைத்தளபதி டெடர், வானிலையால் கெய்ரோவில் தடைப்பட்டிருந்தார்.

மறுநாள் ஸ்டாலின் எழுதிய விடை, வினாவை வேண்டுகோளாக மாற்றிவிடுகிறது. வானிலை வான்படைக்கும் பீரங்கிகளுக்கும் ஏற்றதாக இல்லையெனினும், நேச நாடுகளின் நிலை கருதி, ஜனவரியின் பிற்பகுதியைக் கடக்காமல் தாக்குதல் தொடங்கும் என்பது அதன் சாரம். யால்டா மாநாட்டிலும் இதனைக் கடப்பாடன்று, தோழமைக் கடமை என்றே அவர் குறித்தார். சர்ச்சிலும் 1953இல் வெளியான தம் போர் வரலாற்றின் இறுதித் தொகுதியில் இம்மடல்களைப் பாராட்டுடன் எடுத்தாண்டார்.

முற்படுத்தல் மெய்யே: ஜனவரி 20க்குத் திட்டமிட்ட தாக்குதல் 12ஆம் நாளே தொடங்கியதைத் தளபதி கோனெவ் பதிவு செய்துள்ளார். ஆனால், 1944 டிசம்பர் 16இல் ஆர்டென் பகுதியில் எழுந்த ஜெர்மானியத் தாக்குதல் அதற்கு முன்பே வேகம் இழந்திருந்தது. பாஸ்டோன் முற்றுகை டிசம்பர் 26இலேயே முறிந்தது. ஆகவே, மேற்கு முனையை மீட்டது விஸ்துலாத் தாக்குதலே எனும் கூற்று மடல்களின் நடையிலிருந்து பிறந்ததேயன்றிப் போர்க்களத்திலிருந்து பிறந்ததன்று. டெடர் ஸ்டாலினைச் சந்தித்தது ஜனவரி 15 அன்று. அப்போது தாக்குதல் தொடங்கி மூன்று நாள் ஆகியிருந்தது.