காரில் சொல்லும் பெயர் போனுக்குள்ளேயே நிற்கட்டும்

திருகோணமலை உட்துறைமுக வீதியால் வந்து, சீனக்குடா தாண்டிக் கிண்ணியாப் பாலம் வரை கார் ஓட்டுகிறவருக்கு இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தாக வேண்டும். பஸ்ஸும் ஓட்டோவும் போதாதென்று, கோட்டைப் பக்கம் மான்களும் வீதிக்கு இறங்கும் ஊர் இது. ஆகவே போனிடம் வாயால் சொல்லி அழைப்பு எடுப்பதை ஆடம்பரம் என்று தள்ள முடியாது. இங்கே ஓடும் கார்கள் பல ஜப்பானில் பாவித்த பின் வந்தவை. 2020 மார்ச்சிலிருந்து 2025 பெப்ரவரி வரை தனியார் வாகன இறக்குமதி நின்றிருந்ததால் பழைய கார்களே இன்னும் உழைக்கின்றன. ஸ்டார்ட் பண்ணியதும், சுங்கச்சாவடி அட்டை செருகப்படவில்லை என்று ஜப்பான் மொழியில் அறிவிக்கும் கார்கள் அவற்றில் உண்டு. அந்தக் காரிடம் தமிழில் எதுவும் கேட்க வழியில்லை, கேட்பதெல்லாம் போனிடம்தான்.

தன் விவரங்கள் வெளியே போகக்கூடாது என்று நினைப்பவர்கள் நாடும் இயங்குதளங்களில் ஒன்று கிராபீன்ஓஎஸ். கூகுளின் பிக்சல் போன்களில் நிறுவலாம். கூகுள் சேவைகள் அதில் இயல்பாக இருப்பதில்லை. வேண்டுமென்றால் எந்தச் சிறப்புரிமையும் இல்லாத சாதாரணச் செயலிகளாகச் சேர்த்துக்கொள்ளலாம். 2023 இறுதியில் அதில், போனைக் கார்த் திரையோடு இணைக்கும் அன்ட்ரொயிட் ஓட்டோ செயலியும் வேலை செய்யத் தொடங்கியது. வயர் இணைப்பு, வயர்லஸ் இணைப்பு, ஒலி, அழைப்பு என அதற்கான அனுமதிகளைக் கிராபீன்ஓஎஸ் குழுவினர் பிரித்துப் பிரித்துத் தருகிறார்கள். அந்த அக்கறை மெச்சத்தக்கது. வரைபடமும் அழைப்பும் கார்த் திரைக்கு வந்துவிடும். ஆனால் “மாமி வீட்டுக்கு எடு” என்று சொல்வதற்குக் கூகுள் செயலியை நிறுவி மைக்கையும் திறந்துவிட வேண்டும். எதைத் தவிர்க்க அந்தப் போனை வாங்கினாரோ அதற்கே குரலைக் கொடுக்க வேண்டியதாகிறது.

இந்த விலை தேவையே இல்லை என்பதுதான் என் வாதம். சாரதிக்கு வேண்டியவை சில கட்டளைகள்: ஒருவரை அழை, பதில் சொல், நிறுத்து, அடுத்த பாட்டு. பெயர்கள் போனிலேயே இருக்கின்றன. 2000ஆம் ஆண்டு வந்த நோக்கியா 3310இல் ஓர் இலக்கத்துக்கு நம் குரலில் பெயரைப் பதிந்து வைத்து, பிறகு அதைச் சொல்லியே அழைக்கலாம். அதற்கு இணையமும் தேவைப்படவில்லை. மொழியும் தடையாக இல்லை. பதிந்த ஒலியோடு சொன்ன ஒலி பொருந்துகிறதா என்று மட்டுமே அது பார்த்தது. ரிஸ்வான் நானாவும் சுனில் மாத்தயாவும் மாமி வீடும் ஒரே போனில் இருக்கும் திருகோணமலைக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எது?

போனுக்குள் இயங்கும் குரலறிதல் துல்லியமில்லை என்பார்கள். அதில் உண்மை உண்டு. ஓபன்ஏஐ 2022இல் வெளியிட்ட விஸ்பர் என்ற குரலறி மென்பொருள், இணையமின்றிப் போனிலேயே ஓடக்கூடியது. அதன் சிறிய பதிப்புகள் தமிழில் தடுமாறுகின்றன. கட்டுரை ஒன்றை வாசித்து எழுதவைக்க அது போதாதுதான். முன்கூட்டியே பதிந்த ஐம்பது பெயர்களில் ஒன்றை அடையாளம் காண்பது அதைவிட மிகச் சிறிய வேலை. மறைக்க ஒன்றுமில்லாதவருக்கு ஏன் இந்தப் பயம் என்ற கேள்வியும் வரும். 2019 ஜூலையில் பெல்ஜியத்தின் விஆர்டி ஊடகம், கூகுள் உதவியாளரில் பதிவான ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஒலித்துண்டுகளைக் கேட்டது. ஒப்பந்த ஊழியர்கள் கேட்டு எழுதிய துண்டுகள் அவை. அவற்றில் 153, யாரும் அழைக்காமலே பதிவானவை. காரில் பேசுகிறவர் சாரதி மட்டுமல்ல. பின்சீட்டில் இருப்பவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. சோதனைச்சாவடிகளில் பெயரும் விலாசமும் சொல்லியே பல ஆண்டுகள் நடமாடிய ஊருக்கு, தன்னைப் பற்றிய பதிவு யார் கையில் இருக்கிறது என்ற கவலை புதிதல்ல. இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியும், அதன் முக்கியப் பிரிவுகள் நடைமுறைக்கு வருவது தள்ளிப்போனது. சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரும் வரை தொழில்நுட்பமே காவல்.

வண்டியை ஓரங்கட்டிப் பேசுவதே மிகப் பாதுகாப்பு, அதில் மறுபேச்சில்லை. அப்படியும் குரல் வசதி வேண்டுமென்றால், காருக்குப் புதுத் திரை பூட்டும் கடையிலேயே போனின் இணையத்தை முழுதாக நிறுத்திவிட்டு ஒரு பெயரைச் சொல்லிப் பாருங்கள். அழைப்பு போகாவிட்டால், உங்கள் குரலைக் கேட்பது உங்கள் போன் அல்ல.