அமுல் பேபி வளர்ந்த பிறகு

புனேயின் கன்டோன்மென்ட் பகுதியான கேம்ப்பில் பள்ளி விடும் நேரம். ஈஸ்ட் ஸ்ட்ரீட்டில் 1955 முதல் இருக்கும் கயானி பேக்கரியின் ஷ்ரூஸ்பரி பிஸ்கட் மணம், கொஞ்சம் தள்ளி உருளைக்கிழங்கு வறுவலின் மணம், சந்து முனையில் வடாபாவ் எண்ணெய். பையைத் தோளில் போட்டுக்கொண்டு பிள்ளைகள் இவை எல்லாவற்றையும் தாண்டித்தான் வீட்டுக்குப் போக வேண்டும். இந்தத் தெருக்களின் ருசி எனக்கும் பிடிக்கும். பண்டிகைக்கும் விருந்தாளிக்கும் வாங்கிய பண்டம் தினசரி நாலு மணிப் பசிக்கு ஆகிவிட்டதுதான் எனக்குக் கவலை.

பட்டாளத்தோடு வந்து தலைமுறைகளாக இங்கே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் கேம்ப்பில் உண்டு. அந்த வீடுகளிலும் குழந்தை கொழுகொழுவென்றிருந்தால் "அமுல் பேபி மாதிரி இருக்கான், கண்ணு பட்டுடப் போகுது" என்று திருஷ்டி கழிப்பார்கள். அதே பிள்ளைக்குப் பத்து வயதானதும் பேச்சு மாறிவிடும். தமிழில் குண்டூஸ், மராத்தியில் ஜாட்யா. கன்னத்தைக் கிள்ளிய அதே அத்தை, "தட்டைப் பாரு, எவ்வளவு சோறு!" என்று கல்யாணப் பந்தியில் நாலு பேர் கேட்கச் சொல்வார். குழந்தை என்ன தப்பு செய்தது?

இந்தக் கேள்விக்கான பதில்களில் முக்கியமான இரண்டு, கேம்ப்பிலிருந்து அதிக தூரமில்லாத இரண்டு மருத்துவமனைகளில் கிடைத்தன.

ராஸ்தா பேட்டையில், சர்தார் மூத்லியார் சாலையில் (பெயரிலேயே ஒரு முதலியார் இருக்கிறார்) உள்ளது கே.இ.எம். மருத்துவமனை. அங்கே டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக் குழுவினர் 1993-இல் புனேயை ஒட்டிய 6 கிராமங்களின் தாய்மார்களைப் பின்தொடரத் தொடங்கினார்கள். அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் அது 3.5 கிலோ. நம் குழந்தைகளுக்குத் தசையும் வயிற்று உறுப்புகளும் குறைவு. ஆனால் முதுகுத் தோலை மடித்து அளந்தபோது, அடியில் இருந்த கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறைந்திருக்கவில்லை. ஒல்லியாகத் தெரிந்த சிசுவுக்குள் கொழுப்பு ஒளிந்திருந்தது. யாக்னிக்கும் லண்டன் விஞ்ஞானி ஜான் யுட்கினும் 2004-இல் 'லான்செட்' இதழில் அருகருகே நின்ற படம் உலகப் புகழ் பெற்றது. இருவருக்கும் உடல் நிறை குறியீடு 22.3. உடலில் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2.

இன்னொன்று, சாசூன் சாலையில் உள்ள ஜஹாங்கீர் மருத்துவமனை. அதன் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த டாக்டர் வாமன் காடில்கரும் சகாக்களும் முன்னின்று உருவாக்கியவைதான், இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015-இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடங்கள். 5 முதல் 18 வயது வரையான பிள்ளைகளுக்கானவை. உடல் நிறை குறியீட்டில் பெரியவர்களுக்கு 25, 30 என்று உலகம் வைத்திருக்கும் எல்லைகளுக்குப் பதில், பெரியவரானால் 23, 27 என்று ஆகக்கூடிய கோடுகளை இதில் வரைந்தார்கள். நம் உடம்பில் சர்க்கரை நோய் போன்ற ஆபத்து குறைந்த குறியீட்டிலேயே தொடங்குகிறது என்பதால்தான்.

இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்கிற எவருக்கும், "அம்மா ஊட்டி ஊட்டிக் கெடுத்துட்டா" என்று சொல்ல வாய் வராது. தாயின் சத்துக்குறைவு கருவிலேயே பிள்ளையின் உடலமைப்பில் கை வைத்துவிடுகிறது. அப்படிப் பிறந்த பிள்ளையின் முன்னால்தான் பாக்கெட் நொறுக்குத் தீனியையும் செல்போனையும் விளையாட இடமில்லாத சந்துகளையும் வைத்திருக்கிறோம். 1990-இல் இந்தியாவில் 5 முதல் 19 வயதுக்குள் உடல் பருமன் உள்ளவர்கள் சுமார் 4 லட்சம் பேர். 2022-இல் அது 1.25 கோடி. ஒரே தலைமுறையில் இத்தனை அம்மாக்கள் திடீரென்று பொறுப்பில்லாதவர்களாகிவிட்டார்களா?

ஆனாலும் வைத்தியம் என்று வரும்போது பிள்ளையைத் தனியாகத்தான் நிறுத்துகிறோம். மருத்துவர் பத்து நிமிடம் பார்த்து, "எண்ணெய், இனிப்பைக் குறைங்க, ஓடியாட வைங்க" என்று எழுதித் தருகிறார். வீட்டுக்கு வந்தால் தாத்தாவுக்குக் காபியோடு பிஸ்கட், அண்ணனுக்குப் பொரித்த கோழி, இவனுக்கு மட்டும் வேகவைத்த காய். ஒரு வாரம் தாங்கும். பிறகு அலமாரிக்குப் பின்னால் ஒளித்துத் தின்னப் பழகிவிடுவான். வளரும் பிள்ளைகளில் பலருக்கு எடையைக் குறைக்கத் தேவையே இருக்காது. எடை ஏறாமல் நின்று உயரம் கூடினாலே போதும் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்வதைப் பாட்டிகளிடம் யாராவது உட்கார்ந்து விளக்கியிருந்தால் பாதிச் சண்டை வந்திருக்காது.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரம் அப்படி உட்கார்ந்து பேசிப் பார்த்தது. 'ஹென்றி' என்ற திட்டத்தில் சிறு குழந்தைகளின் பெற்றோர் 8 வாரம், வாரம் ஒருமுறை, தங்கள் பகுதி மையத்தில் கூடுகிறார்கள். அங்கே டயட் அட்டவணை முக்கியமில்லை. அடம் பிடிக்கும் பிள்ளையிடம் எப்படி "வேண்டாம்" என்று சொல்வது, குடும்பமாக எப்போது சாப்பிடுவது, தூங்க வைப்பது எப்படி என்று ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொள்கிறார்கள். அந்நகரில் 4, 5 வயதுக் குழந்தைகளிடையே பருமன் 2009-10-இல் 9.4 சதவீதமாக இருந்து 2016-17-இல் 8.8 ஆனது. சின்னக் குறைவுதான். ஆனால் அது இறங்கியது. ஏழைப் பகுதிகளில் இன்னும் கூடுதலாக, 11.5-லிருந்து 10.5-க்கு இறங்கியது.

கேம்ப்பில் இதற்குப் புதுக் கட்டடம் எதுவும் தேவையில்லை. கோயில் மண்டபமும் தேவாலய வளாகமும் தமிழ்ச் சங்கக் கூட்டங்களும் இருக்கின்றன. நவராத்திரியின் ஒன்பது நாளும் கடலை, பயறு, மொச்சை என்று சுண்டல் கிண்ணம் வீடு வீடாகப் போகிறதே, புரதம் குறைந்த நம் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல நாலு மணித் தீனி எது? பத்தாம் நாளோடு அதை ஏன் நிறுத்த வேண்டும்? ஒரே மாடிப்படியில் ஐந்து குடும்பங்கள் இருந்தால், ஆளுக்கொரு நாள் சுண்டலோ வேர்க்கடலையோ ஜோவார் பாக்ரி என்ற சோள ரொட்டியோ முறைவைத்துச் செய்யலாம். வேலைக்குப் போகும் அம்மாவுக்கு வாரத்தில் நாலு நாள் விடுதலை. பிள்ளைக்கும் தான் மட்டும் தனியாக எதையோ தின்கிறோம் என்ற வெட்கம் இராது.

சட்டமும் கொஞ்சம் துணை நிற்கிறது. மகாராஷ்டிர அரசு 2017-இலேயே பள்ளி கேன்டீன்களில் நொறுக்குத் தீனியைத் தடை செய்தது. மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதிகள் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்கின்றன. 2025 மே மாதம் சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளில் சர்க்கரை அளவைக் காட்டும் பலகை வைக்கச் சொன்னது. ஐம்பது மீட்டரை யார் அளப்பது? ஒரு பெற்றோர் தனியாகப் போய்த் தள்ளுவண்டிக்காரரிடம் சண்டை போட முடியாது, போடவும் கூடாது, அவருக்கும் பிள்ளைகள் உண்டு. பத்துப் பெற்றோர் சேர்ந்து போனால், "வறுத்த கடலையும் கொய்யாவும் கொண்டாங்க, நாங்க வாங்குறோம்" என்று பேச முடியும்.

விளையாட்டுதான் கடினம். பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரமாவது ஓடியாடும் விளையாட்டு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கேம்ப்பின் சந்துகளில் இரு பக்கமும் ஸ்கூட்டர்கள். எம்.ஜி. ரோட்டையே வாரக் கடைசி மாலைகளில் வண்டிகளுக்கு மூடி, நடப்பவர்களுக்கு விட்டிருந்த காலம் ஒன்று இருந்தது. நடுரோட்டில் பிள்ளைகள் ஓடினார்கள். அதை மீண்டும் கேட்க வேண்டும், மனுவாக எழுதி, பல குடும்பங்களின் கையெழுத்தோடு.

அதுவரை ரேஸ்கோர்ஸ் இருக்கிறது. விடிகாலையில் அங்கே நடப்பவர்களில் பலர் சர்க்கரை நோய் வந்த பிறகு நடக்கத் தொடங்கியவர்கள். ஞாயிற்றுக்கிழமையாவது பேரனையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் எழுப்பி, ஒரு பந்தோடு அழைத்துப் போகலாமே, தாத்தா.