நால்வர் வேட்டையிற் புகுவார்க்கு

பாடம் முடிந்து விடுதிக்கு மீண்ட மாணவர் பந்தாடுதலும் சதுரங்கமாடுதலும் பண்டுதொட்டு வழங்கி வருவன. இவற்றோடு திரையில் ஆடும் வீடியோ விளையாட்டுகளும் சேர்ந்து பல ஆண்டுகள் ஆயின. அவற்றுட் பெரும்பாலன ஒருவன் தன் திறத்தைத் தனித்து நின்று காட்டுதற்கோ, ஒருவனை ஒருவன் வெல்லுதற்கோ அமைந்தவை. நால்வர் ஒருங்கு கூடி ஒரு கொடுவிலங்கை எதிர்த்து நிற்க வேண்டிய ஆட்டங்களோ வேறோர் இனத்தைச் சார்ந்தன. அவ்வினத்துட் புகழ்மிக்கதாகிய மான்ஸ்டர் ஹண்டர் என்பதைப் புதிதாகத் தொடங்கும் நண்பர்க்குப் பயன்படுமாறு ஈண்டுச் சில கூறுவாம்.

இவ்விளையாட்டு ஜப்பான் நாட்டு ஓசாகா நகரத்துக் காப்காம் நிறுவனத்தாரால் ஆக்கப்பெற்று, 2004 ஆம் ஆண்டில் பிளேஸ்டேஷன் 2 என்னும் கருவிக்கென முதன்முதல் வெளிவந்தது. மறு ஆண்டு பி.எஸ்.பி. என்னும் கையடக்கக் கருவிக்கு ஏற்ப அமைக்கப்பட்ட பின்னரே அது ஜப்பானிய இளைஞரிடைப் பெருகிப் பரவலாயிற்று. அக்கருவிகள் அருகருகே இருந்தால் கம்பியின்றியே ஒன்றோடொன்று தொடர்பு கொள்வன. ஆதலின் நண்பர் நால்வர் உணவுவிடுதி மேசையொன்றைச் சூழ்ந்தமர்ந்து, தலை நிமிராது வேட்டையாடுதல் அந்நாட்டில் யாவரும் அறிந்த காட்சியாயிற்று. 2018 ஜனவரியில் வெளிவந்த மான்ஸ்டர் ஹண்டர் வேர்ல்டு உலகெங்கும் இரண்டு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்பனையாயிற்று. 2021 இல் ரைஸ் என்பதும், 2025 இல் வைல்ட்ஸ் என்பதும் தொடர்ந்து வந்தன. யாம் கூறுவன பெரும்பாலும் வேர்ல்டு ஆட்டத்தைப் பற்றியனவே. எனினும் அடிப்படை முறைகள் ஏனையவற்றிற்கும் பொருந்தும்.

முதற்கண் அறிய வேண்டுவது தோல்வியின் கணக்கு. வேட்டுவன் ஒருவன் உயிர்வலு முற்றும் இழந்து வீழ்ந்தால் அவன் இறப்பதில்லை. பூனைகள் அவனைத் தள்ளுவண்டியிலேற்றிப் பாசறையிற் கொண்டுபோய்க் கொட்டும். காட்சி நகைப்புக்கிடமானது, விளைவோ அவ்வாறன்று. பொதுவாக ஒரு வேட்டைக்கு மூன்று வீழ்ச்சிகளே எல்லை. இம்மூன்றும் ஆளுக்கு மூன்றல்ல, நால்வர்க்கும் சேர்த்து மூன்று. ஒருவனே மும்முறை வீழினும், மூவர் ஒவ்வொருமுறை வீழினும், நால்வரும் வெறுங்கையராய்த் திரும்ப நேரும். வீழ்ச்சிதோறும் பரிசுப் பணமும் குறையும். நாற்பது நிமிடம் பொறுமையோடு போராடிய அயலார் மூவரின் உழைப்பு, நாலாமவன் மருந்து உண்ண மறந்த ஒரு நொடியில் பாழாகிவிடும். இவ்வொரு விதியைக் கருத்திற் பதித்துக்கொண்டவன் பின்வரும் குறிப்புகளிற் பாதியைத் தானே உய்த்துணர்வான்.

ஆதலின், குழுவிற் புதியவனது தலையாய கடமை விலங்கை மிகுதியாய் அடிப்பதன்று, வீழாதிருத்தலே. உயிர்வலு பாதிக்குக் குறைந்தவுடன் வாளை உறையிலிட்டு, விலகியோடி, மருந்துண்டு மீள்க. ஓர் அடி கூடக் கொடுத்துவிட்டு உண்போம் என்று எண்ணுமிடத்தேதான் பெரும்பாலான வீழ்ச்சிகள் நிகழ்கின்றன. போர்க்களத்தின் நடுவில் நின்று மருந்துண்டலும் தகாது. உண்ணும் செய்கைக்குச் சிறிது நேரம் செல்லும், அந்நேரத்தில் விலங்கு வாளாவிராது. படைக்கலத்தை உறையிலிட்டு, விலங்கிற்கு முதுகு காட்டி ஓடுங்கால், பாய்ச்சற் பொத்தானை அழுத்தினால் வேட்டுவன் முன்னோக்கிக் குப்புறப் பாய்வான். அப்பாய்ச்சலின்போது எவ்வடியும் அவனைத் தாக்காது. பார்ப்பதற்கு அஞ்சியோடுபவன் போலத் தோன்றும். ஆயினும் பழகியவர் யாவரும் இதனை நாணமின்றிக் கையாள்வர்.

வேட்டைக்குப் புறப்படுமுன் உண்ணுதல் இவ்வாட்டத்தில் வெறும் அலங்காரமன்று. உணவுச்சாலையில் உண்டவனுக்கு உயிர்வலுவின் அளவும் தெம்பின் அளவும் உயரும். உண்ணாது சென்றவன் ஓரடியில் வீழ, உண்டு சென்றவன் அதே அடியைத் தாங்கி நிற்பான். வீழ்ந்தவனுக்கு அப்பயன் நீங்கிவிடும். பாசறையில் மீண்டும் உண்டற்கு இடமுண்டாயின் உண்டே செல்க. பாசறைக் கூடாரத்துள் இருக்கும் பெட்டியிலிருந்து குறைந்த மருந்துகளை நிரப்பிக்கொள்ளவும் இயலும். விழுந்த வெட்கத்தால் இவற்றையெல்லாம் விட்டு நேரே களத்திற்கு ஓடுபவன் சற்று நேரத்தில் அதே வண்டியிற் திரும்பி வருவான்.

சாதாரண மருந்தோடு தேன் சேர்த்தால் மேல்மருந்து ஆகும். எனவே செல்லும் வழியில் தேன்கூடு கண்டவிடத்து நின்று எடுத்துச் செல்வது வீண்பொழுதன்று. இன்னுமொரு பொருள் உண்டு. அதனை உயிர்ப்பொடி என்னலாம். அதனைத் தூவினவன் மட்டுமன்றி அருகிலுள்ள தோழர் அனைவரும் நலம் பெறுவர். அடிக்கும் திறம் இன்னும் கைவராத புதியவன், தோழனொருவன் தள்ளாடும் தறுவாயில் ஒரு சிட்டிகை உயிர்ப்பொடி தூவுவானாயின், அவ்வேட்டையில் அவன் செய்த உதவி பெருவாள் வீரன் செய்ததினும் குறைந்ததன்று.

படைக்கலங்கள் பதினான்கு வகையின. பெருவாள், நெடுவாள், இரட்டைவாள், சம்மட்டி, ஈட்டி, வில், துப்பாக்கி முதலாக அவை விரியும். அவற்றை ஒவ்வொன்றாய் விளக்கப் புகின் இதழ் இடங்கொள்ளாது. பயிற்சிக் களத்திற் சென்று ஒவ்வொன்றையும் பத்து நிமிடம் சுழற்றிப் பார்த்து, கைக்கு இசைந்த ஒன்றைத் தேர்ந்து, அதனையே சில நாள் விடாது பழகுக. வாளும் கேடகமும் புதியவர்க்கு எளிது என்பர். காரணம், வாளை உறையிலிடாமலே மருந்துண்ண அதில் இடமுண்டு. ஆயினும் மெதுவாகவும் வன்மையாகவும் விழும் பெருவாளே விலங்கின் அசைவை உற்று நோக்கும் பழக்கத்தை விரைவில் தருகிறது என்பது எமது துணிபு. வேட்டைக்கொம்பு என்றொரு விந்தைக் கருவியும் உண்டு. அதனால் விலங்கின் தலையில் மோதுவதோடு, அதையே ஊதிப் பண் எழுப்பித் தோழர்க்கு வலிமையும் ஊட்டலாம். அதனை ஏந்தியவன் வரக் கண்டால் மற்ற மூவர்க்கும் உள்ளம் குளிரும்.

கூரிய படைக்கலமே வாலை அறுக்கும். மழுங்கிய சம்மட்டியும் கொம்பும் தலையில் மோதி விலங்கை மயங்கி வீழச் செய்யும். ஆகையால் சம்மட்டிக்காரனுக்குத் தலையை விட்டு, வாளுடையார் வாற்புறம் செல்லுதல் முறை. இதிற் பெரியதொரு நயமும் உண்டு. தோழரின் வீச்சு நம் உயிர்வலுவைக் குறைக்காதெனினும், நிலைகுலைத்துத் தள்ளிவிடும். நெடுவாளின் அகன்ற சுழற்சி அருகு நிற்பவனை இடறச் செய்யும். பெருவாளின் மேல்வீச்சோ அவனை வானிலெறியும். அரிதின் முயன்று ஒரு பேரடிக்கு ஆயத்தமாகிக் கொண்டிருப்பவனை இடறிவிட்டால் அவன் உள்ளத்தெழும் சொற்களை நல்லவேளையாக நாம் கேட்க இயலாது. இடைவெளி விட்டு நிற்றலே இதற்கு மருந்து.

கூர்மையைப் பற்றி ஒரு சொல். அடிக்குந்தோறும் வாள் மழுங்கும். திரையின் மூலையிலுள்ள குறி பச்சையிலிருந்து மஞ்சளாகவும், பின் செம்மஞ்சளாகவும், ஈற்றிற் சிவப்பாகவும் மாறும். மழுங்கிய வாள் தடித்த தோலிற் பட்டுத் தெறித்து மீளும். தெறித்த கணத்தில் வேட்டுவன் காப்பின்றி நிற்பான். வேர்ல்டு ஆட்டத்தில் சாணைக்கல்லுக்குக் குறைவே இல்லை. விலங்கு வேறிடத்திற்கு நடந்து செல்லும் இடைவேளையிலே தீட்டிக்கொள்க.

இனி, விலங்குகளை நோக்குவாம். இவ்வாட்டத்தின் அழகெல்லாம் இங்கேதான் உள்ளது. ஆக்கியோர் அவற்றை வெறும் பகைவராகப் படைத்தாரல்லர்; தின்பனவும், உறங்குவனவும், தம்முட் பொருவனவும் ஆகிய உயிர்களாகவே படைத்துள்ளார். முதலில் எதிர்ப்படும் கிரேட் ஜக்ராஸ் என்னும் பெரும்பல்லி, புல்மேயும் ஆப்டனோத்தை முழுதாய் விழுங்கி வயிறு புடைத்துத் திரியும். ஆன்சனாத் என்பது பண்டைக்காலத்து டைரனோசாரஸைப் போன்ற உருவினது. சினமிகும்போது மூக்குத் தசை விரிந்து நிற்க, வாயில் நெருப்பு நிறையும். அந்நெருப்பின் ஒளி தோன்றியவுடன் முன்னின்று விலகுவோன் பிழைப்பான். புதியவர் பலர் முதன்முதல் மனமுடைவது இவ்விலங்கினிடத்தேயாம். நீர்த்தன்மை வாய்ந்த படைக்கலம் அதனை நன்கு வருத்தும். பறந்து திரியும் ரத்தலோஸை ஒளியுருண்டை எறிந்து கண்கூசச் செய்தால் அது தரையில் வந்து விழும். மணலுட் புதைந்து வரும் டியாப்லோஸ் பேரோசைக்கு நடுங்குவது; கிரீச்சிடும் உருண்டையை எறிந்தால் தானே மேலெழுந்து சிக்கிக்கொள்ளும். இத்தகைய செய்திகளைத் தன் கண்ணாற் கண்டறிதலினும் இனியது வேறில்லை; எனவே இவ்வளவோடு நிறுத்துகின்றாம்.

ஒவ்வொரு விலங்கும் அடிக்குமுன் ஏதேனும் ஓர் அடையாளம் காட்டும்: தலையைத் தாழ்த்தும், வாலைச் சுருட்டும், ஓரடி பின்வாங்கும். முதல் வேட்டையின் முதல் ஐந்து நிமிடம் அடிக்காது சுற்றிச் சுற்றி நடந்து அவ்வடையாளங்களை மட்டும் கண்டுகொள்வது நன்று. இரண்டாம் விலங்கு குறுக்கே புகுந்தால் இரண்டோடும் மல்லுக்கு நில்லாது, சாண உருண்டையை அதன்மேல் எறிக. அது வெறுத்து அகலும். நால்வரில் இதனை எறிய நினைவு கொள்பவன் எப்போதும் ஒருவனே. அவ்வொருவன் புதியவனாயிருத்தற்குத் தடையேதுமில்லை.

உறங்கும் விலங்கைப் பற்றியே குழுவிற் பெரும்பாலான மனவருத்தங்கள் எழுகின்றன. நொந்த விலங்கு நொண்டிக்கொண்டு தன் இருப்பிடம் சென்று உறங்கும். உறக்கத்தில் விழும் முதலடிக்கு வலிமை இருமடங்கு. ஆதலின், தலைமாட்டில் வெடிமருந்துப் பீப்பாய்களை அடுக்குவதும், பெருவாளுடையான் முழு ஓங்கலோடு முதலடி வைப்பதும் வழக்கம். இதனை அறியாத புதியவன் ஆர்வத்தால் ஓடிச்சென்று சிறுகத்தியால் ஒரு குத்துக் குத்தி எழுப்பிவிடுவான். இருமடங்கும் அச்சிறு குத்தோடு போயிற்று. உறங்குவதைக் கண்டால் நிற்க. மற்றவர் செய்வதை நோக்குக.

அவ்வாறு நொந்த விலங்கைக் கொல்லாது பிடித்தலும் உண்டு. படுகுழியோ மின்பொறியோ வைத்து, அதிற் சிக்கியபின் மயக்கக் குண்டு இரண்டு எறிந்தாற் போதும். திரையில் விலங்கின் குறியருகே மண்டையோடு தோன்றுவது தக்க சமயம் என்பதற்கு அடையாளம். முதுபெருந் தெய்வநாகங்கள் எனத்தக்க எல்டர் டிராகன் இனத்தைப் பொறியிற் பிடித்தல் இயலாது. தோழர் பொறி வைத்து மயக்கக் குண்டை எடுக்கின்றாராயின் பிடிக்கக் கருதினார் என்று உணர்ந்து, வெறியோடு வெட்டிக் கொன்றுவிடாதிருத்தல் நயத்தக்க நாகரிகமாம்.

தனித்து ஆடுவதா, கூடி ஆடுவதா என்பது யாவரும் கேட்கும் வினா. ஒருவன் தனித்து ஆடுங்கால் விலங்கின் உயிர்வலு குறைவாகவே வைக்கப்பட்டுள்ளது. குழுவிற்கு அது கூட்டப்படும். தொடக்கத்தில் இருவர்க்கும் நால்வர்க்கும் ஒரே அளவாயிருந்தது. 2019 இல் ஐஸ்போர்ன் என்னும் விரிவு வந்தபோது இருவர்க்குரிய அளவு தனியே வகுக்கப்பட்டது. தனியனுக்குப் பாலிக்கோ என்னும் பூனைத்துணை உண்டு. இருவர் கூடினும் ஆளுக்கொரு பூனை வரும். மூவரானால் பூனைகள் வீட்டில் நின்றுவிடும். ஆகவே தனித்தாடுவோன் அத்துணைத் தனியனும் அல்லன். புதிய விலங்கு ஒவ்வொன்றையும் ஒருமுறை தனித்து எதிர்ப்பட்டு, பின்னர்க் குழுவோடு சேர்தல் நல்லது என்பது எம் கருத்து. அவ்வாறன்றி எப்போதும் வல்லார் பின்னே நின்று வென்றவன், வல்லார் வாராத நாளில் என் செய்வான்?

கதைப்பகுதி வேட்டைகளில் ஓர் இடர்ப்பாடு உண்டு. காட்சித் துண்டு முடியும்வரை தோழர் சேர முடியாது. அதனைக் காணாதவன் பிறனது வேட்டையிற் புகவும் முடியாது. எனவே நண்பர் இருவர் ஒன்றாய்க் கதையைத் தொடர விரும்பின், இருவரும் தனித்தனியே புகுந்து காட்சியைக் கண்டு, பின் ஒருவர் வெளியேறி மற்றவரது வேட்டையிற் சேர வேண்டும். குழுவாட்டம் என்று பெயர்பெற்ற ஒன்றில் இவ்வமைப்பு பெருங்குறையே. அதனைப் புகழ எம்மால் இயலவில்லை. அறிமுகமற்றோரின் உதவி வேண்டின் அபாய வாணம் விட்டால் உலகின் எம்மூலையிலிருந்தேனும் மூவர் வந்து நிற்பர். தொடக்கத்தில் ‘பாரமாவோமோ’ என அஞ்சி வாணம் விடத் தயங்குவார் பலர். வருபவர் உதவும் விருப்பத்தாலேயே வருகின்றனர் என அறிக.

கார்டியன் கவசமும் டிஃபெண்டர் படைக்கலமும் புதியவர்க்கு விலையின்றிக் கிடைக்கின்றன. ஐஸ்போர்னை விரைந்தடைய விரும்புவோர்க்காக இவை தரப்பட்டன. இவற்றை அணிந்தவன் பத்து விலங்குகளைப் பத்து அடியில் கடந்து செல்வான். ஒன்றன் அசைவையும் அறியான். அப்பாற் சென்று ஐஸ்போர்னின் பனிநிலத்தை அடைந்தபோது அவன் வீழ்ச்சிகளைச் சுமப்பவர் மற்ற மூவர். காலமில்லாதார் அணிக, மற்றையோர் தாமே வென்ற விலங்கின் தோலாலும் எலும்பாலும் கவசம் சமைத்துக்கொள்க. அதுவே இவ்வாட்டத்தின் பொருளாதாரம்: ஒன்றை வென்று பெற்றதனால் அடுத்ததை வெல்லுதல்.

விலங்கு வீழ்ந்தபின் ஒரு நிமிட நேரம் தரப்படும். அதற்குள் உடலருகே சென்று தோல், எலும்பு முதலியவற்றை அறுத்தெடுக்க வேண்டும். அறுக்கின்றவனை விளையாட்டாக வாளால் இடறிவிடுவோரும் உளர்; நேரம் குறுகியதாதலின் அது நகைப்பிற்குரிய செயலன்று. அறுபட்ட வால் வேறோரிடத்தில், பெரும்பாலும் புதரடியில், கிடக்கும். அதனையும் நால்வரும் தனித்தனியே அறுக்கலாம். ஆதலின் அது கிடக்குமிடத்தைக் கண்டவர் அங்கே சென்று நின்று கையசைத்து மற்றவரை அழைப்பர்.